தெய்வானை வளைகாப்புத் தூக்கு

“...அதனால ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் பாப்பேன். ஊருக்குக் குடுத்தனுப்புன தூக்கெல்லாம் திரும்பி வந்துச்சுன்னா சரி, உன் இஷ்டப்படி நடத்து. வரலன்னா கூட்டத்தைக் கலைச்சுட்டு கடையில வந்து உக்காரு. பழையபடி அந்தக் கொக்கியில கவர் கட்டு தொங்கட்டும். காலிக் கொக்கியப் பாத்துக்கிட்டு என்னால யாவாரம் பண்ண முடியல.”

மகளிடம் இதைச் சொல்லி முடித்த பிறகுதான் அமீர் பாய் வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கைகளிலும் பாக்குமட்டைத் தட்டுக் கட்டு, தோளில் பை, ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த முகம். “வாங்கம்மா, பொள்ளாச்சியா?” என்றார். சண்டையின் சூடு குரலில் துளியும் இல்லை. நல்ல வியாபாரிகள் இப்படித்தான். எந்தக் கோபத்தையும் ஆள் படி ஏறுவதற்குள் மடித்து வைத்துவிடுவார்கள்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது அவர் கடை. சணல், கயிறு, சாக்கு ஊசி, காகிதத் தட்டு என்று எல்லாமே மேலிருந்து கொக்கிகளில் தொங்கும். உள்ளே போகிறவர் தலை குனிந்துதான் போக வேண்டும். வாசலுக்கு நேரே, வாங்க வருகிறவரின் கை தானாக மேலே போகும் இடத்தில், ஒரு கொக்கி மட்டும் காலியாக இருந்தது. அங்கேதான் கேரி பேக் கட்டு தொங்குமாம். அரசாங்கம் வேண்டாம் என்று சொன்ன கவர் எங்கள் ஊரில் எப்படித் தாராளமாகக் கிடைக்கிறதோ, அப்படியே இங்கும்.

என் பிழைப்பு பாக்குமட்டைத் தட்டு போடுவது. மட்டை வாங்கி, ஊற வைத்து, மிஷினில் அழுத்தி எடுக்க வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை. கை இரண்டு தடவை சுட்டதும் தானாக வந்துவிட்டது. பாயின் மகள் நஸ்ரின்தான் போனில் கூப்பிட்டு, மாதிரிக்கு இரண்டு கட்டு கொண்டுவரச் சொன்னாள். அத்தா கையால் தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார் என்றாள். அத்தா தொட்டார், தட்டினார், காதோரம் வைத்து வளைத்துப் பார்த்தார். “தட்டு நல்லாருக்கும்மா. இதையும் ஞாயித்துக்கிழமையே பேசிக்கலாம்” என்றார். அன்றைக்குப் புதன்கிழமை. மத்தியானச் சாப்பாட்டோடு திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு மாற்றுப் புடவையோடு வந்தவள் நான்.

நஸ்ரின் தன் சிநேகிதி வீட்டில் எனக்குத் தங்க இடம் சொல்லிவிட்டு, டீ குடிக்க அழைத்துப் போனாள். கல்லூரிப் படிப்பை முடித்து மேலே படித்துக்கொண்டிருக்கிற பெண். பேசும்போது கை சும்மா இருக்காது. எதிரில் இருக்கிற டம்ளரை நகர்த்தி, கரண்டியை நிமிர்த்தி, மேஜையையே ஒரு கணக்குக்குக் கொண்டுவந்துவிடுவாள். கூடவே கலைச்செல்வன் வந்து உட்கார்ந்தான். பிள்ளைச்சாவடிக்காரன். விடியற்காலை அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு, பத்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறவன். இவர்கள் இரண்டு பேரும், இன்னும் சில சிநேகிதர்களும் சேர்ந்து செய்கிற காரியம் இதுதான்: மீன் வாங்க வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு, கவருக்குப் பதிலாக மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. இரவல்தான். வீட்டுக்குக் கொண்டுபோய், கழுவி, அடுத்த முறை வரும்போது திருப்பித் தர வேண்டும்.

தூக்குகளை எங்கே வாங்கினீர்கள் என்றேன். வாங்கவே இல்லையாம். எந்த வீட்டுப் பரணில்தான் பாத்திரம் தூங்கவில்லை? கல்யாணத்துக்கு வந்தது, காதுகுத்துக்கு வந்தது, புதுமனை புகுவிழாவுக்கு வந்தது என்று பெயர் பொறித்துப் பழைய வேட்டியில் சுற்றிக் கிடப்பதைத் தெருத் தெருவாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். கொடுக்காத வீடே குறைவு என்றான் கலை. பரணைக் காலி செய்ய ஆள் வந்தார்களே என்று டீ போட்டுக் கொடுத்து அனுப்பியவர்களும் உண்டாம்.

முதல் வாரம் ஒரு கூத்து. பூ விற்கிறவர்களுக்கும் மீன் விற்கிறவர்களுக்கும் ஒரே தூக்குகளைக் கலந்து கொடுத்துவிட்டார்கள். நேற்று நெத்திலி போன தூக்கில் இன்றைக்கு சாமிக்கு மல்லிகை எப்படிப் போகும்? ஒரு அம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தூக்கைக் கையில் கொடுத்த பையனையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார்களாம். “நான் மீன்காரி மவன், இவ பாய் வீட்டுப் பொண்ணு. எங்க ரெண்டு பேருக்குமே அது தோணலக்கா” என்று சிரித்தான் கலை. அன்றிலிருந்து பூவுக்குத் தூக்கு கிடையாது, இலைதான். அடையாளத்துக்கு எல்லாத் தூக்கின் பிடியிலும் சிவப்பு வலைநூலை முடிந்துவிட்டான்.

பாய் இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அதையும் கலையே சொன்னான். போன மழையில் மார்க்கெட் சாக்கடை அடைத்துக்கொண்டு, அவர் கிடங்கில் தண்ணீர் ஏறி, சணல் மூட்டைகள் ஊறிவிட்டன. நஸ்ரினும் கூட்டாளிகளும் முழங்கால் தண்ணீரில் இறங்கி அடைப்பை இழுத்தபோது கொத்துக் கொத்தாக வந்தவை கவர்கள். பாதிக் கவர்களில் பாயின் கடைப் பெயரே அச்சடித்திருந்ததாம். ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அத்தா சாப்பிட உட்காருகிற இடத்தில் வைத்தாள் மகள். மறுநாள் அவர் கவர் கட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, ஒரு மாதம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு மாதம்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

தூக்குகள் போனது போனதுதான், திரும்பவில்லை.

மீன் கடைகள் இருக்கிற பக்கம் என்னைக் கூட்டிப்போனார்கள். எங்கள் பக்கம் மீன் என்றால் அணை மீன். ஒரே மாதிரி, ஒரே ருசி. இங்கே சங்கரா சிவப்பாக, வஞ்சிரம் வாள் மாதிரி, கானாங்கெளுத்தி பச்சை முதுகோடு. அரிவாள்மணை ஓசையில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. அங்கே கலையின் அம்மா அஞ்சலாட்சி, மீனைத் துண்டு போட்டுக்கொண்டே மகனைக் கிழித்துக்கொண்டிருந்தார். தூக்கு தீர்ந்துபோய் வாழை இலையில் மடித்துக் கொடுக்கிறாராம். இலை கிழிந்து ஒருவர் வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டிவிட்டது. பாதி வாடிக்கை அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

மீன் வரிசையின் கடைசியில் ஒரு நீல டிரம் நின்றது. மேலே வட்டமாக வெட்டிய வாய். ‘தூக்கை இங்கே போடவும்’ என்று வெள்ளை எழுத்து, பக்கத்தில் சிரிக்கிற மீன் படம். எழுதியது கலைதானாம். எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரே ஒரு தூக்கு, யாரோ போட்ட டீக் கப், ஒரு பஸ் டிக்கெட்.

“பிளாஸ்டிக் வாணாம்னு சொல்லி பிளாஸ்டிக் டிரம்ம வச்சிருக்குதுங்க பாரு” என்றார் அஞ்சலாட்சி என்னிடம். “கேட்டா ஏதோ மறுசுழற்சியாம். இவன் துணியத் தொவைக்கச் சொல்லுங்க, ஒரு சுழற்சியும் வராது.”

கலை வேறு பக்கம் பார்த்தான். நஸ்ரின் டிரம்மின் வாயைத் துடைத்துக்கொண்டே நின்றாள். ஜனங்கள் இவ்வளவு மோசம் என்று தெரியாது, ஓசியில் கிடைத்த பாத்திரத்தை யார் விடுவார்கள் என்றாள். அந்த வயதில் அப்படியொரு கசப்பைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை பிள்ளைச்சாவடிக்கு வரச் சொல்லியிருந்தான் கலை. பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. “பிள்ளைச்சாவடி போகுங்களா?” என்றேன். படியில் தொங்கிய கண்டக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “எல்லாம் போகும், ஏறுங்க ஏறுங்க” என்றார். ஏறினேன். ஜன்னலோர இடம், நல்ல காற்று. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளோடு அவர் மருமகளைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்து, மருமகளின் அம்மா வரைக்கும் போய்விட்டோம். டிக்கெட் கொடுக்க வந்தபோது இடத்தைச் சொன்னேன். கண்டக்டர் தலையில் கைவைத்தார். “அது வடக்கம்மா. இது கடலூர் வண்டி, தெக்க போறோம்.” எல்லாம் போகும் என்றீர்களே என்றேன். “போவும்மா. ஆனா திரும்பி வரும்போதுதான் போவும்” என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாதிரி ஒரு பதில் கிடைத்தால் வழி தப்பினாலும் எனக்கு நஷ்டமில்லை.

நோணாங்குப்பத்தில் இறக்கிவிட்டார். படகுத்துறைக்குப் போகிற கூட்டம் ஆரஞ்சு சட்டை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. வெயில். எதிரே ஒரு டீக்கடை, நிழலுக்கு ஒரு முருங்கை மரம். போய் உட்கார்ந்து, கலைக்குப் போன் போட்டேன். “அக்கா, நீங்க ஊருக்கு அந்தாண்ட இருக்கீங்க” என்றான் பரிதாபமாக.

டீயும் மசால்வடையும் வந்தன. வடை பொன்னிறத்தைத் தாண்டி ஒரு கண்ணிமை நேரம் கூடுதலாக வெந்தது, எனக்குப் பிடித்த பதம். இரண்டாவது வடையைக் கடிக்கும்போதுதான் பார்த்தேன். கடைக்குள் சாமி படத்துக்குக் கீழே, ஆணியில், ஒரு எவர்சில்வர் தூக்கு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. பிடியில் சிவப்பு வலைநூல்.

“இது யார் தூக்குங்க?” என்றேன்.

கடைக்காரி வளர்மதிக்கு என் வயதுதான் இருக்கும். “பெரிய மார்க்கெட்ல மீன் வாங்குனப்ப குடுத்தாங்க. தெய்வானையம்மா ஊட்டுது” என்று சொல்லி இறக்கிக் காட்டினார். ‘ரா. தெய்வானை, வளைகாப்பு’ என்று பொறித்திருந்தது. தெரிந்தவரா என்றேன். யாரென்றே தெரியாதாம். “தெனமும் தேய்க்கும்போது பேரப் பாக்கறேன். வளைகாப்புன்னு போட்டுருக்குது. என்ன கொழந்த பொறந்துச்சோ, ஆணா பொண்ணா, நல்லபடியா பெத்தாளோ என்னமோன்னு நெனச்சுக்குவேன்.”

திருப்பிக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் கேட்டிருப்பேன். நஸ்ரின் முகம் மனதில் இருந்தது.

வளர்மதிக்கு முகம் சிவந்துவிட்டது. “குடுக்காம என்னா? ஒருநா கொண்டுகூடப் போனேன். அந்த நீல டிரம்முல போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. ஒருத்தவங்க ஊட்டுத் தூக்கு, பேரு போட்டது, அத வெறும் தூக்கா எடுத்தும்போயி, ஆளில்லாத டிரம்முல டொம்முன்னு போட்டுட்டு வர்றதா? ஊட்டுக்கு எடுத்தாந்துட்டேன். மரம் இப்பதான் பூ வச்சிருக்குது. காயாவட்டும், நாலு காயப் போட்டு யாரு கையிலயாவது குடுக்கலாம்னு இருக்கேன்.”

வடை என் வாயிலேயே நின்றுவிட்டது. பொள்ளாச்சியில் என் சமையலறையில் பக்கத்து வீட்டுச் சம்படம் ஒன்று பத்து நாளாக இருக்கிறது. பணியாரம் வந்த சம்படம். ஏதாவது செய்து போட்டுக் கொடுக்க வேண்டும் என்றுதான் நானும் வைத்திருக்கிறேன். ஊரெல்லாம் வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. மார்க்கெட்டில் வைத்துப் பார்த்ததும் நான்கூட அதைக் கடைக் கணக்காகத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை வளர்மதியிடம் சொன்னேன். “காய் காய்க்கறதுக்குள்ள கவர் வந்துடுமா?” என்றார். மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

பிள்ளைச்சாவடி போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. நஸ்ரினும் வந்திருந்தாள். கடல் கிட்டேயே வந்துவிட்ட ஊர் அது. கொட்டி வைத்த கருங்கல்லுக்கு அப்பால் அலை முட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கு வாசல் இருந்தது, வாசலுக்கு முன்னால் இருந்த தெரு இல்லை. கலை வலையை விரித்துக் காட்டினான். மீன் செதில்களுக்கு நடுவே கண்ணிகளில் சுருண்டு இறுகிய கவர்கள். வலையை இழுக்கும்போது கனமாக இருக்குமாம், அப்பா சந்தோஷமாக இழுப்பாராம். மேலே வந்தால் இதுதானாம். அதைச் சொல்லும்போது அவன் பேச்சில் மேடைத்தனம் எதுவும் இல்லை. வலையிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டே சொன்னான்.

அஞ்சலாட்சி சுடுசோறும் சுறாப்புட்டும் போட்டார். சாப்பிட்டுக்கொண்டே வளர்மதியின் கதையைச் சொன்னேன். நஸ்ரின் சோறு பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

“எங்க வீட்டுலேருந்து நோம்புக் கஞ்சி போற தூக்கு ஒண்ணுகூட வெறுமையா திரும்பி வந்ததில்ல” என்றாள் மெதுவாக. “சீனி வரும், வாழைப்பழம் வரும். பொறந்ததுலேருந்து பாக்கறேன். எனக்கு ஏன் அது ஞாபகம் வரல?”

கலைக்கு ஒரு சந்தேகம். ஏதாவது போட்டுத்தான் தர வேண்டும் என்றால் முடியாதவர்கள் என்ன செய்வார்கள், அப்புறம் இதுவும் ஒரு வரி மாதிரி ஆகிவிடாதா என்றான். நியாயமான கேள்வி. ஒரு கிள்ளு கறிவேப்பிலை போதுமே, அதற்குமா பஞ்சம் என்று அம்மா சொல்ல, அதையும் கேட்டு வாங்க முடியாதே என்றான் மகன். இருவரும் மாறி மாறி வாதாடிக்கொண்டிருக்கும்போது நஸ்ரின் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“நாம கேக்கவும் வாணாம், வாணாம்னு சொல்லவும் வாணாம். டிரம்ம எடுத்துடுவோம். மேஜை போட்டு உக்காந்து கையில வாங்குவோம். வெறும் தூக்கு வந்தாலும் ரெண்டு கையால வாங்குவோம். அவ்ளோதான்.”

வெள்ளிக்கிழமை டிரம் போயிற்று. கலை அதை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டான். அந்த இடத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. கல்லூரி நேரம் போக மாற்றி மாற்றி உட்காருவது என்று ஏற்பாடு. சேதியைப் பரப்புகிற வேலையை அஞ்சலாட்சி எடுத்துக்கொண்டார். போனில் படம் போட்டு ஊருக்கு அனுப்பினாள் நஸ்ரின். ஆனால் அஞ்சலாட்சியின் தொண்டைக்கு முன்னால் போன் என்ன செய்யும்? மீன் விலை சொல்கிற அதே மூச்சில், “தூக்கு எடுத்தும்போனவங்க ஞாயித்துக்கிழமக்குள்ள கையில கொண்டாந்து குடுங்கம்மோவ்” என்று சேர்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை மீன் வாங்குகிறவர்கள் குறைவு. இருந்தும் சொன்னார்.

அன்று மத்தியானம் பாய் வீட்டில் சாப்பாடு. நெய்ச்சோறும் தால்ச்சாவும். எங்கள் ஊர் அரிசிம்பருப்பு சோற்றைப் பற்றி நான் பெருமையாகப் பேசுவதுண்டு. அன்றைக்குப் பேசவில்லை. பாய் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் எதிரில் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்:

“கவர் விக்கிறவன்னு என்னைய ஏசுறாங்கம்மா. ஏசுறவங்க எல்லாரும் என் கடையில கவர் கேட்டு வாங்குனவங்கதான். நான் யாரு வீட்டுக்கும் போயி திணிக்கல. இவ நல்லதுதான் செய்யறா. நல்லது செய்யறவள ஊரு ஏமாத்துனா எனக்குத் தாங்காது. அதுக்குத்தான் கெடு வச்சேன். ஏமாறுறதா இருந்தா சீக்கிரம் ஏமாறட்டும்.”

அதைக் கேட்ட பிறகு எனக்கு அவர் மேல் இருந்த வருத்தம் போய்விட்டது. கவலை கூடிவிட்டது.

சனிக்கிழமை தூக்குகள் வந்தன, வந்தன என்று சொல்லும்படி வந்தன. அவ்வளவுதான். மேஜைக்கு வர வேண்டிய இரண்டு சிநேகிதர்கள் பரீட்சை என்று வரவில்லை. நஸ்ரின் கலையிடம் எரிந்து விழுந்தாள். கலை பதிலுக்கு, கெடு வைத்தது உன் அத்தா, என் அத்தா இல்லை என்று சொல்லிவிட்டான். இரண்டு பேரும் மேஜையின் இரண்டு முனைகளில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான் பாக்குமட்டைத் தட்டில் சுண்டல் வாங்கி வைத்தேன். முதுகைத் திருப்பாமலே இரண்டு கைகள் தட்டுக்கு வந்தன. சரி, இது உடையாது என்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டுக்குள் நடக்க வேண்டாம், கூட்டமே தூக்கிக்கொண்டு போகும். காலையிலேயே முதல் ஆளாக ஒரு பெரியவர் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், இந்தப் பக்கத்து வார்த்தையில் சொல்தா. தூக்கைத் திறந்தால் நீள ரொட்டியின் பாதி. மீன் தூக்கில் ரொட்டியா என்று கலை கண்ணால் கேட்டான். நஸ்ரின் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். “மெர்சி, மெர்சி” என்று சொல்லிக்கொண்டே போனார் அவர். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

அதன் பிறகு வரிசை. கறிவேப்பிலைக் கொத்து, ஒரு பிடி அரிசி, நாலு எலுமிச்சை, முறுக்கு, செம்பருத்திச் செடியின் குச்சி, ஒரு தூக்கில் சுடச்சுடக் கேசரி. வெறுமையாகவும் வந்தன. ஒரு சின்னப் பெண் வெறும் தூக்கைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றது. நஸ்ரின் அதையும் எழுந்துதான் வாங்கினாள். அப்படி அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவளுக்குத் தெரியவே இல்லை. வந்த கறிவேப்பிலையை அஞ்சலாட்சி விடவில்லை. அடுத்து மீன் வாங்குகிறவருக்குத் தூக்கு கொடுக்கும்போது மேலே ஒரு கொத்து வைத்தார். வேறு வரிசைக்குப் போன வாடிக்கை ஒன்றிரண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. “வாங்க வாங்க, அங்க மீனுதான் குடுப்பாங்க, இங்க கொழம்பையே பாதி வச்சுக் குடுக்கறோம்” என்றார்.

எல்லாம் வந்துவிட்டதா? வரவில்லை. நஸ்ரின் அடுக்கிப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். வராதது நிறையவே இருந்தது. அதே சமயம், சிவப்பு நூல் இல்லாத தூக்குகள் சில அடுக்கில் சேர்ந்திருந்தன. அவற்றை இவர்கள் யாருக்கும் கொடுக்கவே இல்லை. பரணிலிருந்து எடுத்து, இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜனங்களே கொண்டுவந்தவை. அத்தா எப்படிக் கணக்குப் போடுவார், வராததை வைத்தா, வந்ததை வைத்தா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

பள்ளிவாசலில் பாங்கு சொன்ன கொஞ்ச நேரத்தில் அமீர் பாய் வந்தார். தோளில் கவர் கட்டு. கிடங்கிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக வருகிறார் போலிருக்கிறது. ஒரு கையால் கட்டைப் பிடித்தபடி மேஜைக்குப் பக்கத்தில் நின்று அடுக்கைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. நஸ்ரின் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கலை கட்டையே பார்த்தான்.

அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு வளர்மதி வந்து சேர்ந்தார். வியர்த்து, மூச்சு வாங்க, கையில் தெய்வானை தூக்கு. மேஜைக்கு முன்னால் இருந்தவர்களிலேயே வயதில் மூத்தவராகத் தெரிந்தவர் பாய்தான். நேராக அவரிடம் போய், என் பக்கம் கை காட்டினார். “பாய், இத வாங்கிக்குங்க. காயாவறதுக்குக் காத்திருந்தா நாளு போயிடும்னு இந்தம்மா சொன்னாங்க. பூவையே பறிச்சாந்துட்டேன். பொரியல் பண்ணுனா நல்லாருக்கும்.”

மூடி திறந்திருந்தது. உள்ளே தூக்கு நிறைய வெள்ளை முருங்கைப்பூ.

பாய் ஒரு கையை நீட்டினார். நீட்டிய கையைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கவர் கட்டைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார், ஈரத் தரையில்தான். பிறகு இரண்டு கையையும் நீட்டித் தூக்கை வாங்கினார்.

வளர்மதி போகவில்லை. “தெய்வானையம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா பாய்? வளைகாப்புன்னு போட்டுருக்குதே, என்ன கொழந்த?”

பாய் பொறித்திருந்த பெயரைப் பார்த்தார். மேஜைக்குப் பின்னால் நாற்காலி இல்லாமல் நின்ற மகளைப் பார்த்தார்.

“பொண்ணும்மா” என்றார். “நல்லாருக்கா.”

வளர்மதியின் முகம் மலர்ந்தது. கூட்டத்தில் கலந்து போய்விட்டார்.

பாய் தரையில் இருந்த கட்டைத் தாண்டி, தூக்கை இரண்டு கையாலும் பிடித்தபடியே சந்தில் நடந்தார். நானும் பின்னால் போனேன். கடையில் ஏறி, முருங்கைப்பூவை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்து வைத்தார். மூடியை அழுத்தி மூடினார். தலைக்கு மேலே கை தானாகப் போகும் அந்த இடத்தில், காலியாக இருந்த கொக்கியில், தூக்கை மாட்டினார்.